முதற் சுற்றில் எடுத்த பொடியன்

1

மூன்று கிழமைக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, ஒஸ்லோ மத்திய நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மதுச்சாலையில், நான் ஒருநாளும் நேரில் கண்டிராத இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவனைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். அவன் அமெரிக்காவில் இருக்கிறான். நூற்று நாற்பது கிலோ. அவனுக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆனால் அவனால் என் வீட்டில் நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் விளக்கம். இது நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் உதைத்த பந்து இல்லை. அமெரிக்கக் காற்பந்து. பெயர்தான் காற்பந்து, பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை மாதத்தில், அணிகள் எல்லாம் முறை வைத்துப் பல்கலைக்கழகங்களில் விளையாடும் இளம் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும். ஆகக் கூடத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. முதற் சுற்றில் ஒருவனை எடுத்தால் அவன் வந்த கையோடு வேலையைக் காட்ட வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். காட்டாவிட்டால் எடுத்தவனையும் எடுபட்டவனையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

எங்கள் அணி இம்முறை எடுத்தது ஒரு தடுப்பு வரிசைக்காரனை. முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரே நிற்கும் பெரிய ஆளைத் தள்ளி விழுத்தி, அவனுக்குப் பின்னால் பந்து வைத்திருக்கிறவனைப் பிடிக்கிற வேலை. பலம் மட்டும் காணாது. கையை எங்கே வைப்பது, காலை எப்போது எடுப்பது என்று பல வருடம் பழக வேண்டும். இந்தப் பொடியனோ பதினேழு வயது வரை கூடைப்பந்து விளையாடினவன். பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம்தான் முழுதாக விளையாடியிருக்கிறான். ஆள் இன்னும் பச்சை. அணியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் கேட்கப் போவதுமில்லை.

2

நான் இந்த விளையாட்டுக்கு வந்தது ரசனையால் அல்ல, சந்தேகத்தால்.

என் மகன் கவினுக்கு அப்போது பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ஏழு மணியானால் அறைக் கதவைச் சாத்திவிடுவான். உள்ளே இருந்து கூச்சல் வரும், பிறகு ஒரு சத்தமும் இருக்காது, பிறகு திரும்பவும் கூச்சல்.

"விளையாட்டுப் பாக்கிறான், விடுங்கோவன்," என்றாள் என் மனைவி மலர்.

"விளையாட்டெண்டா ஏன் கதவைச் சாத்தவேணும்?"

துவைத்து மடித்த உடுப்புகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உடுப்பை வைத்துவிட்டு வெளியே வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நாலு மணி நேரம் திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாம் கிழமை அவனாகவே விதிகளைச் சொல்லித் தரத் தொடங்கினான். இரண்டாம் மாதம் அவனுக்கு முதல் நான் போய் உட்கார்ந்திருந்தேன். வளர்ந்த பிள்ளை தமிழில் என்னோடு நீளமாகக் கதைத்தது அந்த அறையில்தான். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பான். மூன்றாவது முயற்சியில் ஏன் பந்தை எறிந்தார்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்லுவான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று மலர் சொல்லுவாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை எனக்குப் பழக்கியது இந்த நாடு. வந்த புதிதில் அகதி விசாரணை அறையில் ஒரு அதிகாரி, நான் படித்த பள்ளிக்கூட வாசலில் எத்தனை படி என்று கேட்டார். ஐந்து என்றேன். இரண்டு மணி நேரம் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் சிரித்த முகத்தோடு கேட்டார். ஆறு என்றேன். நிலத்தோடு பதிந்து கிடந்த கல்லைப் படியென்று எண்ணுவதா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த ஒரு கல்லால் என் கோப்பு மாதக் கணக்கில் கிடந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டு ஒன்றைக் கேட்டால், இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று யோசிக்க அன்றைக்குப் பழகினேன்.

பிறகு வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன். வெட்டியவர்கள் முள் இல்லை என்று அனுப்பும் துண்டை வெளிச்ச மேசையில் போட்டு முள் தேடுகிற வேலையைத்தான் கடைசியில் எனக்குத் தந்தார்கள், அவ்வளவு கெட்டிக்காரன். இப்போது ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கி அடுக்கும் பகுதியில் இருக்கிறேன். பொதியில் ஒட்டிய நாடாவில், சூடு பட்டதைக் காட்டும் கோடு கறுத்திருந்தால்தான் ஒரு கத்தரிக்கோலை நம்புவேன். சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

3

கவின் பொறியியல் படிக்கப் போனான். சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னோம். இரண்டு வருடம் முடிந்த ஒரு கோடையில் வந்து, இனிப் போகவில்லை என்றான். மின்னிணைப்பு வேலை பழகப் போகிறானாம். லில்லெஸ்ட்ரோமில் ஒரு நிறுவனம் அவனைப் பயிலுநராக எடுத்திருக்கிறதாம். அங்கேயே ஒரு அறையும் பார்த்துவிட்டானாம். எல்லாமே 'ஆம்' 'ஆம்' என்றுதான் என் காதில் விழுந்தது.

நான் நம்பவில்லை. படிப்பைக் குழப்பிவிட்டு எங்கேயோ படுத்துக் கிடக்கப் போகிறான் என்று நினைத்தேன். நிறுவனத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்துத் தொலைபேசியில் அழைத்தேன்.

இது எங்கள் வழக்கம். என் அப்பா சந்தியில் கணக்கு மாஸ்டரைக் கண்டால் சைக்கிளால் இறங்குவார். "எங்கட ஆள் எப்பிடி, மாஸ்டர்?" என்று கேட்பார். மாஸ்டர் இரண்டு குறை சொல்லுவார். "அடிச்சுத் திருத்துங்கோ, நான் ஒண்டும் கேக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டு அப்பா சைக்கிளில் ஏறுவார். கேட்காமல் போனால்தான் மாஸ்டருக்குக் குறை. பிள்ளையில் அக்கறை இல்லாத மனிசன் என்று நினைப்பார்.

நானும் அதைத்தான் செய்தேன். கவின் என்று ஒருவர் அங்கே இருக்கிறாரா, நேரத்துக்கு வருகிறாரா என்று கேட்டேன். அலுவலகப் பெண், அவர் வயது வந்தவர், அவரைப் பற்றி மற்றவர்களுடன் கதைக்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். அதோடு வைத்திருக்கலாம். நான் விடவில்லை. அவன் பிழை விட்டால் கடுமையாகக் கண்டிக்கலாம், தகப்பனான எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று என்னுடைய நோர்வேஜிய மொழியில் அனுமதி கொடுத்தேன். அந்தப் பெண் நன்றி சொன்னார்.

அந்தக் கதை மத்தியானத்துக்குள் நிறுவனம் முழுக்கப் பரவிவிட்டது. கவின் ஒரு வயரை மாற்றிக் கொழுவினாலும், "கண்டிக்க அப்பாவின் அனுமதி இருக்கிறது" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். மாதக் கணக்கில் சிரித்தார்கள். அவன் என்னிடம் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். விளையாட்டுப் பார்க்கும் கூட்டத்தில் மட்டும் சந்தித்தோம்.

4

கூட்டம் என்றால் நாலு பேர், அதற்கொரு வாட்ஸ்அப் குழு. நான், கவின், குழாய் வேலை செய்யும் ஊலெ, கணினி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த செந்தில். தெரிந்தெடுப்பு நடக்கும்போது எங்களுக்கு விடியற்புறம். அதனால் அடுத்த நாள் வேலை முடிந்து கூடுவோம். அன்றைக்கு ஆறு மணிக்கும் நல்ல வெயில். ஊலெ ஏற்கெனவே பியரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பொடியனைப் பிடித்துவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு வேகமாக ஓடி அவர் கண்டதில்லையாம்.

"அங்கிள், வீடியோ பாத்தீங்களா? சும்மா பின்னி எடுக்கறான்," என்றார் செந்தில்.

"பாத்தனான். எல்லாம் வெட்டித் தொகுத்தது. அவன் விழுந்த இடம் ஒண்டும் அதுக்குள்ளை இல்லை."

"ஹைலைட்ஸ்ல விழறத ஏன் அங்கிள் போடப் போறாங்க?"

"அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன். கலியாணத்துக்குக் குடுக்கிற படம் மாதிரி. அதைப் பாத்து முடிவெடுக்கேலாது."

பயிற்றுநர் அவனைப் பற்றிச் சொன்னதை ஊலெ வாசித்துக் காட்டினார். தன் ஆளை விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான் என்று கேட்டேன். நிபுணர்கள் புகழ்ந்ததைச் செந்தில் காட்டினார். அந்த நிபுணர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்டேன். ஊலெ சிரித்து, என்னைத் தெரிந்தெடுப்புக் குழுவில் போட்டால் அணியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றார்.

கவின் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு தமிழில் சொன்னான்.

"ஒரு சீசன்தான் விளையாடினவன், அப்பா. அதுக்குள்ளை இவ்வளவு செய்திருக்கிறான். இன்னும் ரெண்டு வருசம் குடுத்தா எப்பிடி வருவான் எண்டு யோசியுங்கோ."

"யோசிச்சுப் பாக்கிறதுக்கு நாலாம் சுற்று அஞ்சாம் சுற்று இருக்கு. முதற் சுற்றிலை முடிஞ்ச ஆளைத்தான் எடுக்கவேணும்."

"முடிஞ்ச ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை."

"ஏன் இல்லை? தொடங்கின இடத்திலை ஒழுங்கா நாலு வருசம் இருந்து முடிச்சவங்கள் எத்தினை பேர் இருக்கிறாங்கள்."

வாயை விட்டுப் போன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. செந்தில் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். கவின் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாத ஊலெ எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று விளங்கிக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்து, கவினின் தோளில் தட்டி, "திங்கட்கிழமைக்கு வாழ்த்துகள்," என்றார்.

திங்கட்கிழமை என்ன என்று எனக்குத் தெரியாது. செந்தில் தலையை நிமிர்த்தவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

5

லில்லெஸ்ட்ரோம் ரயிலுக்கு அவன் போனான், நானும் கூடவே மேடைக்கு இறங்கினேன்.

"திங்கக்கிழமை என்ன?"

"ஃபாக்ப்ரோவ தொடங்குது." பயிலுநர் காலம் முடிந்ததும் வைக்கும் தொழில் பரீட்சையை அவன் சொன்னான். அதில் சித்தியடைந்தால்தான் மின்னிணைப்பாளர். இல்லாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

"ஊலெக்குத் தெரியும். செந்திலுக்குத் தெரியும்."

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் போன் பண்ணுவீங்கள்."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டாலும்."

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பாஸ் பண்ணினாலும் நான்தான் சொல்லுவன். ஃபெயில் விட்டாலும் நான்தான் சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் எடுக்காதையுங்கோ, அப்பா. நிறுவனத்துக்கு, பரீட்சை வைக்கிறவைக்கு, ஊலெக்கு. ஒருத்தருக்கும். இந்த முறை எடுத்தீங்களெண்டா நான் இனி ஒண்டும் சொல்ல மாட்டன்."

"எடுக்க மாட்டன்," என்றேன். ரயில் வந்தது, ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமல் இருந்ததிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உமக்கும் தெரியுமோ?"

"ஒரு மாசமாத் தெரியும்."

"ஒரு மாசமா என்னோடை இந்த வீட்டிலை இருந்துகொண்டு..."

"சொல்ல வேண்டாமெண்டு பிள்ளை கேட்டவன். நான் சொல்லேல்லை. அவ்வளவுதான்."

எனக்குச் சரியான கோபம். கோபத்துக்குக் கீழே இருந்தது பயம். அவன் தோற்றால் அது நான் நினைத்ததை உண்மையாக்கிவிடும், அதை அவன் என் முகத்தில் பார்த்துவிடுவான். அதற்காகத்தான் ஒளிக்கிறான் என்றும் நினைத்தேன். நான் இல்லாத இன்னொரு வாட்ஸ்அப் குழு இருக்குமோ என்றும் நினைத்தேன். இன்றைக்கும் அதைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

அந்தக் கிழமை போன விதத்தைச் சொல்லி முடியாது. பரீட்சை விதிகளை இணையத்தில் வாசித்தேன், வாசிப்பது தொலைபேசி எடுப்பது ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பரீட்சகர் இரண்டு பேர். திட்டம் எழுத வேண்டும், வேலையைச் செய்து காட்ட வேண்டும், ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசி நாளிலேயே முடிவு. பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் அதில் ஆறு எண்களை அழுத்திவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கருவிகளை எண்ணப் போனேன். புதன்கிழமை ஒரு தட்டைத் தேவையில்லாமல் மூன்று தரம் எண்ணினேன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், அமெரிக்கப் பொடியனுடைய முழு ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். வெட்டாத ஆட்டங்கள். அவன் விழுந்த இடங்களை எழுதி வைப்பதுதான் நோக்கம். நிறையவே விழுந்தான். கையைப் பிழையான இடத்தில் வைத்தான், தந்திரம் தெரிந்தவர்கள் அவனை இலகுவாக ஓரங்கட்டினார்கள். "இன்னும் பச்சைதான், சாட்சியோடு சொல்கிறேன்" என்று குழுவில் எழுதினேன். கடைசிக் கால்பகுதியில் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும்போது இவன் மட்டும் முதல் நிமிடம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். அதை எழுதவில்லை.

6

வெள்ளிக்கிழமை இரண்டு மணி பத்து நிமிடம். வேலையிடத்து நடைபாதையில் நின்றேன். கவின் அழைத்தான்.

"அப்பா, பாஸ்."

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பாஸ் மட்டுமில்லை. மிக நன்று எண்டு போட்டிருக்கினம். ரெண்டு பேரும் கை தந்தவை."

அந்த நேரம் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய சொல் எத்தனையோ இருக்கிறது. நானும் மூன்று நாளாக இரண்டு மூன்றை யோசித்து வைத்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது வேறு.

"கடதாசி ஏதும் தந்தவையோ?"

காதில் வைத்திருந்த கைபேசி உடனே ஒருமுறை அதிர்ந்தது. படம் வந்திருந்தது. நான் கேட்டு முடித்து மூன்று விநாடி இருக்காது. அதற்குள் ஒருவர் படம் எடுத்திருக்க முடியாது.

"எடுத்து வைச்சிட்டுத்தான் உங்களுக்கு அடிச்சனான்," என்றான். "கேப்பீங்கள் எண்டு தெரியும்."

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். வேலையிடம் கூட்டித் துடைக்க வேண்டும், பிறகு கதைப்போம் என்று சொல்லி வைத்தான்.

நான் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், பார்த்தேன். அவனுடைய பெயர் சரி. திகதி சரி. கையெழுத்து இரண்டு இருந்தது, இரண்டும் வேறு வேறு கை. எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் வெட்கம் வந்தது. கருவி ஏற்றிய வண்டியோடு ஒரு பெண் வந்து வழி விடச் சொல்லும் வரைக்கும் அந்த நடைபாதையிலேயே நின்றேன்.

அரை மணி நேரம் கழித்துக் குழுவில் கவின் அந்தச் செய்தியைப் போட்டான். படம் போடவில்லை, ஒரு வரிதான். ஊலெ, தனக்கு ஒரு நிமிடமும் ஐயம் இருந்ததில்லை என்று எழுதினார். செந்தில் வரிசையாகக் கைதட்டும் படங்களை அனுப்பினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மலர் எடுத்தாள். அழுதுகொண்டு சிரித்தாள்.

"இப்பதான் எனக்குச் சொன்னவன். உங்களுக்குச் சொன்னவனோ எண்டு கேட்டன். அறையாலை வெளியிலை வந்த உடனை முதல் அப்பாவுக்குத்தான் அடிச்சனான் எண்டவன். உங்களுக்கு எப்பிடிச் சந்தோசமா இருந்திருக்கும். என்ன சொன்னனீங்கள்?"

மலர் இரண்டு தரம் கேட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை.